மங்கிய உடுவும் மாபெருங் கோளும்

வானத்து ஒளிகளை நம் முன்னோர் கூர்ந்து நோக்கி வகைப்படுத்தினர். நாளைக் கணித்தற்கு உதவும் நிலைத்த மீன்களை நாண்மீன் என்றும், அவற்றினிடையே இடம்பெயர்ந்து செல்வனவற்றைக் கோண்மீன் என்றும் பழந்தமிழ் நூல்கள் பெயரிட்டு வழங்கின. தொலைநோக்கி தோன்றுதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே வெறுங்கண்ணின் துணைகொண்டு செய்யப்பட்ட இப்பாகுபாடு இன்றும் பொருந்துவதாகும். நாண்மீன்கள் தம்மொளியால் ஒளிரும் ஞாயிறுகள். அவற்றை உடுக்கள் என்கின்றோம். கோள்களோ ஞாயிற்றைச் சுற்றிவந்து அதன் ஒளியைப் பெற்று விளங்குவன.

நமது ஞாயிறும் ஓர் உடுவே என்பது தெளிவானதும் மற்றொரு வினா எழுந்தது. ஞாயிற்றுக்குக் கோள்கள் உளவெனில் ஏனைய உடுக்களுக்கும் அவை இருத்தல் வேண்டுமன்றோ? இவ்வினா மிகப் பழையது. சான்றோடு கூடிய விடை மிகப் புதியது. ஞாயிற்றையொத்த ஓர் உடுவைச் சுற்றும் கோள் 1995ஆம் ஆண்டிலேயே முதன்முதல் அறியப்பட்டது. அதன் பின் இவ்வறிவு விரைந்து வளர்ந்து, 2025ஆம் ஆண்டில் இவ்வாறு உறுதிப்படுத்தப்பட்ட கோள்களின் தொகை 6,000ஐக் கடந்தது.

எனினும் தொகை பெருகியதை வியப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இக்கோள்களிற் பெரும்பாலானவற்றை எவரும் நேரிற் கண்டிலர். கண்ணாற் காணாத ஒன்றை உண்டென்று துணிதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதற்கு இரண்டு மங்கிய உடுக்களின் வரலாறு தக்க விடை தருகின்றது. ஒன்றிலே, உண்டென்று உலகெங்கும் பேசப்பட்ட பெருங்கோள் இல்லையென முடிந்தது. மற்றொன்றிலே, பெரிதும் எதிர்பாராத பெருங்கோள் உண்டென நிலைநாட்டப்பட்டது. இரண்டையும் ஒப்புநோக்கின் அறிவியலின் நடைமுறை நன்கு புலப்படும்.

செங்குள்ள உடுக்கள்

இரவில் நாம் காணும் உடுக்கள் வானத்துக் குடிகளின் சரியான மாதிரியாகா. ஞாயிற்றினும் பன்மடங்கு ஒளிமிக்க உடுக்கள் நெடுந்தொலைவிலிருந்தும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. ஒளி குன்றியவையோ அண்மையில் இருந்தும் மறைந்து கிடக்கின்றன. உண்மையில், நமது உடுத்தொகுதியில் உள்ள உடுக்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு செங்குள்ளர் எனப்படும் சிற்றுடுக்களே. திணிவிலும் பருமனிலும் வெப்பத்திலும் ஞாயிற்றினுங் குறைந்தமையால் இவை செந்நிறமாகவும் மங்கலாகவும் ஒளிர்கின்றன. தம்மிடமுள்ள ஐதரசனை மிகச் சிக்கனமாக எரிப்பதால் இவற்றின் ஆயுள் ஞாயிற்றின் ஆயுளினும் பன்மடங்கு நீண்டது.

இத்தகைய உடுக்களுள் ஒன்று கும்ப இராசியில் உள்ளது. யேர்மனிய வானியலார் வில்கெல்ம் கிளீசே என்பவர் 1957ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கு அண்மையிலுள்ள உடுக்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அப்பட்டியலில் இவ்வுடு பெற்ற எண்ணைக்கொண்டே இது கிளீசே 876 எனப்படுகின்றது. இதன் தொலைவு 15.2 ஒளியாண்டு. அஃதாவது, செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளியும் அங்கிருந்து நம்மை வந்தடையப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். உடுக்களின் தொலைவுகளை நோக்க இஃது அடுத்த வீடே எனலாம். எனினும், வெறுங்கண்ணுக்குப் புலனாகும் மிக மங்கிய உடுவினும் இஃது ஏறக்குறைய ஐம்பது மடங்கு மங்கியது. இதன் திணிவு ஞாயிற்றின் திணிவில் ஏறக்குறைய மூன்றிலொன்று. இது வெளிவிடும் ஆற்றலோ ஞாயிறு வெளிவிடுவதில் நூற்றிலொரு பங்கினும் சிறிதே மிகையானது.

இலங்கையிலிருந்து நோக்குவோர்க்கு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் முன்னிரவில் கும்ப இராசி வானில் உயர்ந்து நிற்கும். அவ்விராசியின் தெற்கே வெறுங்கண்ணுக்குத் தெரியும் உடுக்களுள் ஒன்று தெல்ற்றா அக்குவாரி என்பது. அதற்கு வடக்கே ஒன்றரைப் பாகையளவில் நமது உடு உள்ளது. சிறு தொலைநோக்கியும் விண்மீன் படமும் உடையோர் அதனைச் செந்நிறப் புள்ளியாகத் தேடிக் காணலாம். அப்புள்ளியை நான்கு கோள்கள் சுற்றுகின்றன. அவற்றுள் ஒன்று வியாழனினும் இருமடங்குக்கு மேற்பட்ட திணிவுடையது. அக்கோளைத் தொலைநோக்கியாற் பிரித்துக் காண்டல் அரிது. அஃது உடுவிலிருந்து விலகித் தோன்றும் கோணம், நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்த ஒரு நாணயத்தின் அகலம் நமக்குத் தோன்றும் கோணத்தை ஒக்கும். போதாக்குறைக்கு, உடுவின் ஒளி கோளின் ஒளியை முற்றாக விழுங்கிவிடுகின்றது.

காணாததை அறியும் வழி

காணவியலாத கோளை எங்ஙனம் அறிவது? கோள் உடுவைச் சுற்றுகின்றது என்பது பேச்சு வழக்கே. நியூற்றன் காட்டியபடி ஈர்ப்பு இருதலையானது. உடு கோளை இழுக்குமளவுக்குக் கோளும் உடுவை இழுக்கின்றது. ஆதலின் இரண்டும் தம் பொதுத் திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. வலிய ஒருவர் சிறுவனொருவனின் கைகளைப் பற்றிக்கொண்டு சுற்றுவாராயின், சிறுவன் பெரிய வட்டத்திற் சுழல்வான். பெரியவரும் அசையாது நிற்பதில்லை. அவர் சிறிதே பின்சாய்ந்து சிறு வட்டமொன்றை இடுவார். இருளிலே சிறுவன் தெரியாதவிடத்தும், பெரியவரின் அசைவைக் கண்டு அவர் எவரையோ பற்றிச் சுழற்றுகிறார் என நாம் ஊகித்தல் கூடும். அச்சுழற்சியின் காலத்தையும் அளவையும் கொண்டு சிறுவனின் எடையையும் கணித்தல் கூடும்.

உடுவின் இவ்வசைவை அளக்க இருவழிகள் உள. முதலாவது, உடு வானத்தில் இடமும் வலமுமாக விலகுவதைப் பிற உடுக்களோடு ஒப்பிட்டு நேரே அளத்தல். இரண்டாவது, உடு நம்மை நோக்கி வருவதையும் நம்மைவிட்டு அகல்வதையும் அதன் ஒளியினின்றும் அறிதல். நிலையத்தை அணுகும் புகையிரதத்தின் ஊதொலி உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை யாவரும் அறிவர். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. இது தொப்ளர் விளைவு எனப்படும். உடு நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலையிலுள்ள கரிய கோடுகள் நீலப் பக்கமாகவும், அகலும்போது சிவப்புப் பக்கமாகவும் சிறிது பெயர்கின்றன.

பெயர்ச்சி மிக நுண்ணியது. வியாழனின் இழுப்பினால் நமது ஞாயிறு அடையும் வேகம் செக்கனுக்கு 12.5 மீற்றர் மாத்திரமே. அஃது ஒரு முறை ஊசலாடப் பன்னிரண்டு ஆண்டளவு ஆகும். ஆனால் உடு சிறியதாகவும் கோள் பெரியதாகவும் அண்மையதாகவும் இருப்பின் ஊசலாட்டம் மிகும். ஆதலாலேயே மங்கிய சிற்றுடுக்கள் கோள்தேடுவோரைக் கவர்ந்தன. வலியவரினும் மெலியவரே எளிதில் அசைக்கப்படுவர் அன்றோ?

பார்ணாட்டின் உடு

முதலாவது வழியைப் பின்பற்றியவருள் தலைசிறந்தவர், ஒல்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பீற்றர் வான் டி காம்ப் என்னும் அறிஞர். அவர் பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர்க் கல்லூரியின் ஸ்புறூல் வானாய்வு நிலையத்துக்கு 1937 முதல் 1972 வரை தலைவராயிருந்தார். அவர் தெரிந்தெடுத்த உடுக்களுள் ஒன்று, எட்வேட் பார்ணாட் என்பார் 1916ஆம் ஆண்டில் விரைந்த இயக்கமுடையதெனக் கண்டறிந்த செங்குள்ளன். அதன் தொலைவு ஆறு ஒளியாண்டு.

1938ஆம் ஆண்டு தொடங்கி வான் டி காம்ப்பும் அவர் துணைவரும் அவ்வுடுவை ஆண்டுதோறும் ஒளிப்படம் பிடித்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகளை அளந்தபின், 1963ஆம் ஆண்டில் அவர் தம் முடிவை வெளியிட்டார். உடு நேர்வழியே செல்லாது சிறிது அலைகின்றது என்றும், வியாழனினும் 1.6 மடங்கு திணிவுடைய கோளொன்று 24 ஆண்டுக்கொருமுறை அதனைச் சுற்றுவதே காரணமென்றும் கூறினார். அவர் கண்ட அலைவு, தட்டின்மீது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. ஏறக்குறைய பத்தாண்டுகாலம் பாடநூல்களும் இக்கோளை ஏற்றன.

1973ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஜோர்ஜ் கேற்வுட், ஹைன்றிச் ஐக்கோண் என்போர் வேறு நிலையங்களில் எடுக்கப்பட்ட தட்டுகளை வேறு கருவியால் அளந்து நோக்கினர், அலைவைக் காணவில்லை. அதே ஆண்டில் ஸ்புறூல் நிலையத்திலேயே பணியாற்றிய ஜோன் ஹேர்ஷி என்பவர், அந்நிலையத் தட்டுகளிலிருந்த மற்றொரு செங்குள்ளனை ஆராய்ந்தார். பார்ணாட்டின் உடு அசைந்த ஆண்டுகளிலேயே அதுவும் அசைந்திருக்கக் கண்டார். ஒன்றோடொன்று தொடர்பில்லா இரண்டு உடுக்கள் ஒரே காலத்தில் ஒரே பாங்கில் அசைதல் எங்ஙனம்? அந்நிலையத்துத் தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் சட்டம் 1949ஆம் ஆண்டில் மாற்றப்பட்டிருந்தது. 1957ஆம் ஆண்டில் வில்லை திருத்தியமைக்கப்பட்டிருந்தது. உடு அசையவில்லை, உடுவை நோக்கிய கண்ணே அசைந்தது.

வான் டி காம்ப்பின் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. அவரது உழைப்பு அளப்பரியது. ஆயினும் அவருடைய தட்டுகள் யாவும் பெரும்பாலும் ஒரே வில்லையூடாக வந்தவை. தட்டுகளின் தொகையைப் பெருக்கினால் தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று தேய்த்துக் குறைக்கும். கருவியோடு ஒட்டிய பிழையோ எத்துணைத் தட்டுகள் எடுப்பினும் குறையாது நிற்கும். முத்திரை பிழைபட்ட படியொன்றால் ஆயிரமுறை நிறுத்தாலும் சரியான நிறை கிடையாது. வேறு படியால் ஒருமுறை நிறுத்தாலே பிழை வெளிப்படும். வான் டி காம்ப் தம் கோளை இறுதிவரை கைவிடாது 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேயே, மிசேல் மேயர், டிடியே கெலோ என்னும் சுவிற்சலாந்து அறிஞர் இருவர் ஞாயிற்றையொத்த உடுவொன்றின் கோளை அறிவித்தனர்.

கும்ப இராசியின் சிற்றுடு

மூன்றாண்டுகளின் பின், 1998ஆம் ஆண்டில், கிளீசே 876 உடுவின் முறை வந்தது. அதனை இரு குழுவினர் ஒருவரையொருவர் சாராது ஆராய்ந்திருந்தனர். ஜெப்ரி மார்சி, போல் பற்லர் முதலியோர் கலிபோர்ணியாவிலுள்ள லிக் நிலையத்திலும் ஹவாய்த் தீவிலுள்ள கெக் நிலையத்திலும் நோக்கினர். சேவியர் டெல்பொஸ், மேயர் முதலியோர் பிரான்சின் தென்பகுதியிலும் சிலி நாட்டிலும் இருந்த தொலைநோக்கிகளைப் பயன்படுத்தினர். இரு குழுவினரும் கண்ட முடிபு ஒன்றே: அவ்வுடு 61 நாளுக்கொருமுறை நம்மை நோக்கியும் நம்மைவிட்டும் ஊசலாடுகின்றது. அவ்வேகம் செக்கனுக்கு இருநூறு மீற்றரைச் சிறிது கடந்தது. ஞாயிற்றினிடத்து வியாழன் உண்டாக்கும் வேகத்தினும் இஃது ஏறக்குறைய பதினேழு மடங்காகும். செங்குள்ளன் ஒன்றைச் சுற்றும் கோள் அறியப்பட்டது அதுவே முதன்முறை.

செக்கனுக்கு இருநூறு மீற்றர் என்பது பெரிதாகத் தோன்றலாம். ஒளியின் வேகத்தோடு ஒப்பிடின் அது பதினான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. நிறமாலைக் கோடுகளும் அவ்வளவே பெயரும். கருவியில் வெப்பம் சிறிது மாறினும் இதனினும் மிகுந்த பெயர்ச்சி ஏற்படும். அங்ஙனமாயின், ஸ்புறூல் நிலையத்து ஏமாற்றம் இங்கும் நேராதென்பது எவ்வாறு?

இவ்விடத்தேதான் புதிய முறையின் நுட்பம் உள்ளது. மார்சி குழுவினர் உடுவின் ஒளியை, நிறமாலைக் கருவியுட் புகுமுன், அயடீன் ஆவி நிரம்பிய கண்ணாடிக் கலமொன்றினூடாகச் செலுத்தினர். அயடீன் தனக்குரிய ஆயிரக்கணக்கான நுண்கோடுகளை உடுவின் நிறமாலைமீதே பதிக்கின்றது. அயடீன் கலம் நிலையத்தில் அசையாதிருப்பது. அதன் கோடுகளின் அலைநீளம் நன்கு அறியப்பட்டது. ஆதலின் அக்கோடுகள் ஓர் அளவுகோலாகின்றன. கருவியில் யாதேனும் கோளாறு நேரின் உடுவின் கோடுகளோடு அயடீனின் கோடுகளும் ஒருங்கே பெயரும். உடுவே அசைந்திருப்பின் அதன் கோடுகள் மாத்திரம் அயடீன் கோடுகளை விட்டு விலகும். கருவியின் பிழையும் உடுவின் அசைவும் இவ்வாறு வேறு பிரித்தறியப்படுகின்றன. மேயர் குழுவினரோ அயடீனைக் கொள்ளாது, தோரியம் அடங்கிய விளக்கின் ஒளியை உடுவின் ஒளியோடு ஒரே நேரத்திற் பதிவு செய்து அதனை அளவுகோலாகக் கொண்டனர். நாடு வேறு, தொலைநோக்கி வேறு, அளவுகோலும் வேறு, விடை ஒன்று. பார்ணாட்டின் உடுவுக்குக் கிடையாத சான்று இதுவே.

ஆயினும் ஒரு குறை இருந்தது. தொப்ளர் முறை நம்மை நோக்கிய வேகத்தை மாத்திரமே தரும். கோளின் சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அது கூறாது. ஆதலின் கோளின் மிகக் குறைந்த திணிவையே அதனாற் கூறலாம். 2002ஆம் ஆண்டில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் இவ்வுடுவின் பக்கவாட்டு அசைவு அளக்கப்பட்டது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வரும் கூறு விகலை. அவ்விகலையை நாலாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவே அவ்வசைவு. வான் டி காம்ப் கண்டதாகக் கருதிய அலைவினும் இது பல பத்து மடங்கு சிறிது. பிற உடுவொன்றின் கோளுக்கு இவ்வழியால் திணிவு காணப்பட்டது அதுவே முதன்முறை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தோல்வியுற்ற முறையே, கருவி சிறந்தபோது, இங்கே சான்று பகர வந்தது.

ஒன்று நான்கானமை

கோள் உண்டென நிலைநாட்டியதோடு ஆய்வு நின்றுவிடவில்லை. தொடக்கத்தில், நீள்வளையப் பாதையிற் செல்லும் ஒரே கோள் எனக் கொள்ளின் அளவைகள் ஒருவாறு பொருந்தின. அளவைகள் மேலும் சேர்ந்தபோது கணக்குக்கும் காட்சிக்கும் இடையே சிறு வேறுபாடுகள் எஞ்சின. அவற்றைப் புறக்கணியாது ஆராய்ந்ததில், 2001ஆம் ஆண்டில் இரண்டாவது கோள் வெளிப்பட்டது. அதன் சுற்றுக் காலம் 30 நாள். அஃதாவது முதற்கோளின் காலத்திற் பாதி. இவ்வாறு காலங்கள் எளிய எண்விகிதத்தில் அமைதலைப் பரிவு என்பர். இரு கோள்கள் பரிவில் நின்று இழுப்பது, ஒரே கோள் நீள்வளையத்திற் சென்று இழுப்பது போல முதலில் தோற்றமளித்தது. பின்னர் 2005ஆம் ஆண்டில், 1.94 நாளில் உடுவைச் சுற்றிவரும் சிறுகோளொன்றும், 2010ஆம் ஆண்டில், 124 நாட் காலமுடைய நான்காவது கோளொன்றும் அறியப்பட்டன.

இக்குடும்பத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். பெருங்கோளின் திணிவு வியாழனினும் ஏறக்குறைய 2.3 மடங்கு, உடுவிலிருந்து அதன் தொலைவு மூன்று கோடிக் கிலோமீற்றரை அடுத்தது. 30 நாட் கோளின் திணிவு வியாழனின் பத்தில் ஏழு பங்கு. புறத்தே உள்ள நான்காவது கோள் யுரேனசை நிகர்த்தது. அகத்தே உள்ள சிறுகோள் பூமியினும் ஏறக்குறைய ஏழு மடங்கு திணிவுடையது. நமது புதன் ஞாயிற்றிலிருந்து சராசரி 5.8 கோடிக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இந்நான்கு கோள்களின் பாதைகளும் அத்தூரத்தினுள் அடங்குகின்றன.

30, 61, 124 நாட் காலங்கள் ஏறக்குறைய 1, 2, 4 என்னும் விகிதத்தில் அமைதல் காண்க. வியாழனின் சந்திரர்களாகிய அயோ, யுரோப்பா, கனிமீட் என்பன இதே ஒழுங்கிற் சுற்றுகின்றன. அவ்வொழுங்கை விளக்கிய இலப்பிளாசின் பெயரால் அது வழங்கும். நமது ஞாயிற்றுக் குடும்பத்துக்குப் புறத்தே கோள்களிடையே இவ்வொழுங்கு முதன்முதல் அறியப்பட்டது இவ்வுடுவிடத்தேயாம். கோள்கள் ஒன்றையொன்று வலிந்து இழுப்பதால் இரு பெருங்கோள்களின் நீள்வளையப் பாதைகளும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்கொருமுறை முழுவதும் திரும்பிவிடுகின்றன. இத்திருப்பத்தை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, பாதைகளின் சாய்வும் கோள்களின் திணிவும் செம்மையாகக் கணிக்கப்பட்டன. உடுவின்மேற் பரவிய கறைகளோ கருவியின் கோளாறோ நியூற்றனின் விதிப்படி ஒன்றையொன்று இழுத்துத் திரும்பா. ஆதலின் இத்திருப்பமே கோள்கள் உள்ளனவென்பதற்கு மிக வலிய சான்றாகும்.

கொள்கைக்கு வந்த சோதனை

இனி, இக்கோள் ஏன் எதிர்பாராததாயிற்று என்பதை நோக்குவோம். உடு பிறக்கும்போது அதனைச் சுற்றி வளியும் தூசும் தட்டு வடிவிற் பரந்து சுழல்கின்றன. தூசுகள் ஒட்டிக் கற்களாகி, கற்கள் மோதி இணைந்து கோட்கருக்களாகின்றன. உடுவின் வெப்பம் தணிந்து நீர் பனிக்கட்டியாக உறையும் தொலைவில், திண்பொருள் மிகுதியாக இருப்பதால், கரு விரைந்து பருக்கும். அது பூமியினும் பத்து மடங்களவு திணிவை எய்தியதும் சுற்றியுள்ள வளியைப் பேரளவிற் கவர்ந்து வியாழனைப்போன்ற பெருங்கோளாகும். இதுவே பெரிதும் ஏற்கப்பட்ட கொள்கை. ஆனால் வளித்தட்டு சில பத்து இலட்சம் ஆண்டுகளிற் கலைந்துவிடும். அதற்குள் கரு வளர்ந்து முடிதல் வேண்டும்.

சிற்றுடுவின் தட்டிலே பொருளும் குறைவு. உடுவின் ஈர்ப்புக் குறைந்தமையால் சுழற்சியும் மந்தம். ஆதலின் அங்கே கரு உரிய காலத்தில் வளராது. செங்குள்ளர்க்குச் சிறுகோள்கள் பலவும் பெருங்கோள்கள் மிகச் சிலவுமே வாய்க்கும் என 2004ஆம் ஆண்டளவில் கணிப்புகள் கூறின. பொதுவாக நோக்கின் இக்கணிப்புப் பொய்க்கவில்லை. செங்குள்ளரிடத்துப் பெருங்கோள்கள் அருமையாகவே காணப்படுகின்றன. ஆனால் கிளீசே 876 மூன்று வியாழன்களுக்கு ஒப்பான கோட்டிணிவைத் தாங்கி நிற்கின்றது. மேலும், பரிவில் அமைந்த கோள்கள் இப்போதுள்ள இடத்திலேயே பிறந்திருத்தல் அரிது. அவை தொலைவில் உருவாகி, தட்டோடு ஊடாடி மெல்ல உள்நோக்கிப் பெயர்ந்தபோது ஒன்றையொன்று பரிவிற் பிணித்துக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

சோதனை மேலும் கடுமையாயிற்று. 2019ஆம் ஆண்டில், இசுப்பானியாவின் கலார் ஆல்ற்ரோ நிலையத்திலிருந்து, 31 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஜி ஜே 3512 என்னும் உடுவின் கோள் அறிவிக்கப்பட்டது. அவ்வுடுவின் திணிவு ஞாயிற்றின் எட்டிலொரு பங்கே. கோளோ குறைந்தது வியாழனிற் பாதியளவினது. கரு வளர்ச்சிக் கொள்கையால் இதனை விளக்குதல் கடினமாகவே, தட்டின் ஒரு பகுதி தன்னீர்ப்பினால் நேரே சுருண்டு கோளாயிருக்கலாம் என்னும் மாற்றுக்கொள்கை வலுப்பெற்றது. 2025ஆம் ஆண்டில் டி ஓ ஐ 6894 என்னும் உடு முன்வந்தது. ஞாயிற்றின் ஐந்திலொரு பங்கு திணிவுடைய அவ்வுடுவைச் சனியினும் சிறிது பருத்த கோளொன்று மூன்று நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் சுற்றுகின்றது. அக்கோள் உடுவின் முன்னே கடக்குந்தோறும் உடுவின் ஒளியில் நூற்றுக்குப் பதினேழு பங்கு மறைகின்றது. நமது ஞாயிற்றை வியாழன் அவ்வாறு கடப்பின் தொலைவிலுள்ளோர்க்கு மறைவது நூற்றிலொரு பங்களவே.

பெருங்கோள் அரிது என்று கணித்தல் ஒன்று. அது கூடாது என்று விலக்கல் மற்றொன்று. கூடாதென விலக்கியிருந்தோர் இவ்வுடுக்களை நோக்கியே இரார். இருக்குமோ இராதோ என்று நோக்கியவர்க்கே இவை வெளிப்பட்டன.

முடிவுரை

பார்ணாட்டின் உடுவின் கதை 1973ஆம் ஆண்டோடு முடிந்திலது. 2018ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் பூமியினும் மூன்று மடங்களவு திணிவுடைய கோளொன்று அங்குண்டென அறிவித்தனர். உடுவின் மேற்பரப்பு மாறுதல்களே அத்தோற்றத்துக்குக் காரணமென 2021ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் 2024, 2025ஆம் ஆண்டுகளில், மிக நுண்ணிய இருவேறு கருவிகளின் துணையால், பூமியினுஞ் சிறிய நான்கு கோள்கள் அங்கே நிலைநாட்டப்பட்டன. வான் டி காம்ப் தேடிய பெருங்கோள் இல்லை. ஆனால் அவ்வுடு கோளற்றதும் அன்று. மங்கிய அண்மை உடுக்களைப் பொறுமையோடு நோக்குக என்று அவர் வகுத்த நெறி பயன்தந்தது. அவர் கண்ட விடையே தவறியது.

இவ்விரு வரலாறுகளையும் மாணவர் தம் ஆய்வுகூடத்துக்கும் கொண்டுசெல்லலாம். ஓர் அளவையைப் பலமுறை எடுத்தல் நன்று. வேறொரு கருவியால் எடுத்துப் பார்த்தல் அதனினும் நன்று. எதிர்பார்த்த விடை கிடைத்தபோதே கருவியை ஐயுற்று நோக்குதல் வேண்டும். கணக்கோடு பொருந்தாது எஞ்சும் சிறு வேறுபாட்டைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி மறந்துவிடல் ஆகாது; கிளீசே 876இன் இரண்டாவது கோள் அத்தகைய எச்சத்திலேயே மறைந்திருந்தது.

உடுக்களின் பக்கவாட்டு அசைவை அளக்கும் பழைய முறையை ஐரோப்பியரின் கையா விண்கலம் வானளாவ விரித்தது. 2014 முதல் 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அது நூறு கோடிக்கு மேற்பட்ட உடுக்களின் நிலையை மீண்டும் மீண்டும் அளந்தது. காற்றும் வெப்பமும் வில்லைச் சட்டமும் இடர் செய்யாத விண்வெளியிலே, ஸ்புறூல் நிலையத்துத் தட்டுகள் காட்ட முயன்றதையே அக்கலம் அளந்துவைத்துள்ளது. அவ்வளவைகளை ஆராயும் பணி வருங்கால மாணவர்க்குரியது. அவர்கள் காணப்போகும் மங்கிய உடுக்களுள் எவை மாபெருங் கோள்களை உடையன என்பதை அளவைகள் கூறும். அளவைகள் மெய்யோ என்பதை அவர்களே வினவுதல் வேண்டும்.